விலை உயர்ந்த பொலிகுதிரை: விற்பதா, பறக்கவிடுவதா, வீட்டில் வைத்திருப்பதா?

பந்தயத்தில் பெயர் எடுத்து ஓய்வு பெற்று, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்குதிரையான ஒரு பொலிகுதிரையின் உரிமையாளர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். வெளிநாட்டுப் பண்ணைக்கு ஒரேயடியாக விற்றுவிடலாம். ஆண்டில் பாதி வடக்கே, பாதி தெற்கே என்று இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே விமானத்தில் அனுப்பி வாங்கலாம். எங்கும் அனுப்பாமல் சொந்தப் பண்ணையில் வைத்துக்கொண்டு பெட்டைக்குதிரைகளை இங்கே வரவழைக்கலாம். இனப்பதிவு விதி இடம் கொடுத்தால், உறைவிந்தை மட்டும் அனுப்பலாம்.

இந்த நான்கையும் பெரும்பாலும் வருமானத்தை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். இங்கே நான் குதிரையின் உடலை வைத்து எடை போடுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியைத் தேர்ந்தாலும், தினமும் அந்தக் குதிரையை எப்படி வைத்திருக்கப் போகிறோம் என்ற கேள்வி இந்த நான்கையும்விடக் கனமானது. விமானப் பயணத்துக்குப் பத்து மருத்துவர்களைக் கேட்கும் உரிமையாளர், லாயத்துக்குள் 23 மணி நேரம் பூட்டி வைப்பதைப் பற்றி ஒருவரிடம்கூடக் கேட்பதில்லை.

இரண்டு வசந்தங்களுக்கு நடுவே

தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது. இயற்கையாக இணைசேர்ந்து பிறந்த குட்டிக்கு மட்டுமே பதிவு உண்டு. அதனால் குதிரையின் வித்து வேறொரு கண்டத்துக்குப் போகவேண்டுமென்றால் குதிரையே போகவேண்டும். வடக்கு அரைக்கோளத்தில் இனச்சேர்க்கைப் பருவம் பிப்ரவரியில் தொடங்கிக் கோடை வரை நீளும். தெற்கே செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடியும். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி 1990 வாக்கில் பெரிய அளவில் தொடங்கியதுதான் இந்தப் போக்குவரத்து. அதன் மிகப் பெரிய வெற்றி டேன்ஹில். அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறந்த அந்தக் குதிரை ஆஸ்திரேலியாவில் ஒன்பது முறை முதலிடப் பொலிகுதிரையாக, அதாவது அந்தப் பந்தய ஆண்டில் குட்டிகள் அதிகப் பரிசுப் பணம் வென்ற பொலிகுதிரையாக இருந்தது. அந்த வெற்றியைப் பார்த்த பிறகு ஏறத்தாழ எல்லாப் பெரிய பண்ணைகளும் அதே வழியில் இறங்கின.

உடலுக்கு இதில் என்ன நடக்கிறது? முதல் அடி நுரையீரலுக்கு. குதிரை தன் மூச்சுக்குழாயைத் தலையைத் தாழ்த்தித்தான் சுத்தம் செய்துகொள்கிறது. மேயும்போது சளியும் தூசியும் தானாக வடிந்து வெளியே வந்துவிடும். விமானக் கூண்டிலும் லாரியிலும் தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் அது நின்றுபோகிறது. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் பாக்டீரியா கீழே இறங்கி நுரையீரலில் குடியேற அரை நாள் போதும். பயணக் காய்ச்சல் என்று சொல்லும் நிமோனியா இப்படித்தான் வருகிறது. அயர்லாந்திலிருந்து சிட்னிக்குப் பண்ணை வாசலிலிருந்து பண்ணை வாசல் வரை கணக்குப் போட்டால் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிறது. இந்தப் பயணம் ஆண்டுக்கு இரண்டு முறை, பல ஆண்டுகள் தொடரும்.

பலரும் கவனிக்காமல் விடுவது இதற்கு அடுத்தது. குதிரையின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 57 நாள் ஆகும். அப்புறம் அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். ஆகஸ்டில் இறங்கிய குதிரைக்கு மூன்று நாள் கடுமையான காய்ச்சல் வந்தால், ஊசி போட்டதும் அது சாதாரணமாகச் சாப்பிடத் தொடங்கிவிடும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அந்தக் காய்ச்சலின் சேதம் செப்டம்பர், அக்டோபரில் விந்தில் தெரியும். அதாவது எந்தப் பருவத்துக்காக அவ்வளவு தூரம் கொண்டுவந்தோமோ அதன் நடுவில். பெட்டைகள் சினை பிடிக்கவில்லை என்று குதிரை மீது பழி வரும்.

பிறகு ஓய்வு. குதிரையின் இனப்பெருக்க உடலியல் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பார்த்து நடக்கிறது. பகல் குறையும் மாதங்களில் ஹார்மோன் இறங்கும், விந்தணு உற்பத்தி குறையும், நடத்தை அடங்கும். இது உடல் தனக்கென்று வைத்திருக்கும் விடுப்பு. இரண்டு கண்டங்களுக்கு நடுவே பறக்கும் குதிரைக்கு அந்த விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஒரு வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது இன்னொரு வசந்தத்துக்குக் கிளம்ப வேண்டும். பருவத்துக்கு 150 பெட்டைகள் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 300. முதுகும் பின்னங்கால் மூட்டும் இதற்கு விலை கொடுக்கின்றன. வலி இருக்கும் குதிரை ஏறத் தயங்கும். அதை ஆசை குறைந்துவிட்டது என்று தவறாகப் படிக்கிறார்கள்.

தனிக் குதிரையின் ஆபத்து போதாதென்று, அது போய் இறங்கும் நாட்டின் ஆபத்தும் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்பதைப் பொலிகுதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை குதிரை இன்ஃபுளுவென்சாவே இல்லாத நாடு அது. ஜப்பானிலிருந்து வந்த குதிரைகளோடு வைரஸ் சிட்னி அருகே ஈஸ்டர்ன் கிரீக் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து வெளியேறி நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் பல்லாயிரம் குதிரைகளைத் தாக்கியது. குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தவே தடை வந்தது, அதுவும் இனச்சேர்க்கைப் பருவம் தொடங்கும் நேரத்தில். முன்னாள் நீதிபதி இயான் கலினன் நடத்திய விசாரணை, நிலையத்துக்குள் வந்துபோன ஆட்கள் அல்லது கருவிகள் வழியாகவே வைரஸ் தப்பியிருக்க வேண்டும் என்றது. கை கழுவுவது, உடை மாற்றுவது போன்ற சின்ன ஒழுங்குகள் அங்கே நடக்கவில்லை. உங்கள் குதிரைக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்கலாம். பக்கத்துக் கூண்டில் பறந்து வந்த குதிரையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

இந்த வழி முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. கலிலியோ என்ற பொலிகுதிரை ஆரம்பத்தில் சில பருவங்கள் ஆஸ்திரேலியா போய்வந்தது. அயர்லாந்தில் அதன் மதிப்பு ஏறியதும் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். 2021ல் 23 வயதில் இறக்கும்வரை அது வீட்டிலேயே இருந்தது. ஃபிராங்கெல் என்ற இன்னொரு பொலிகுதிரையைப் பறக்கவே விடவில்லை. மிக மதிப்புள்ள குதிரையை அதன் உரிமையாளர்களே பறக்கவிடுவதில்லை என்றால், இந்தப் பயணத்தின் ஆபத்து எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரேயடியாக விற்பது

நிரந்தர ஏற்றுமதியில் பயணம் ஒரே ஒரு முறை. உடல் புதிய வெயிலுக்கும் புல்லுக்கும் ஒரு முறை பழகினால் போதும். அந்த வகையில் இது ஆண்டுக்கு இருமுறை பறப்பதைவிட மேல். 1989ல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பி ஜெயித்த சண்டே சைலன்ஸை அமெரிக்க வளர்ப்பாளர்கள் பெரிதாக மதிக்கவில்லை. ஜப்பானின் ஜென்யா யோஷிடா வாங்கிக்கொண்டு போனார். அங்கே அது 1995 முதல் 13 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்து ஒரு நாட்டின் குதிரை வளர்ப்பையே மாற்றிவிட்டது.

அதே ஜப்பானுக்குப் போன ஃபெர்டினாண்டின் கதை வேறு. 1986ன் டெர்பி வெற்றியாளர், 1987ல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. 1994ல் ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே கிராக்கி குறைந்ததும் கைமாறிக் கைமாறி, 2002ல் இறைச்சிக்கூடத்தில் முடிந்தது. செய்தி வெளியே தெரிந்ததே அடுத்த ஆண்டுதான். அதை இப்போது எழுதும்போதும் மனசு பொறுக்கவில்லை. அதன் பிறகு திருப்பி வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம் வலுப்பட்டது. 1997 டெர்பி ஜெயித்த சில்வர் சார்ம் அப்படித்தான் 2014 டிசம்பரில் அமெரிக்கா திரும்பிக் கென்டக்கியின் ஓல்டு ஃபிரெண்ட்ஸ் ஓய்வுப் பண்ணைக்கு வந்தது.

ஆனால் திரும்பி வரும் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்கக்கூடாது. 2002 டெர்பியை வென்ற வார் எம்பிளத்தை எடுத்துக்கொள்வோம். பெரும் விலைக்கு ஜப்பான் போனது, பெட்டைகள் மீது நாட்டமே இல்லாமல் இருந்தது, குட்டிகள் மிகக் குறைவு. 2015ல் அமெரிக்கா திரும்பியபோது ஒரு சிக்கல். தொற்றும் கருப்பை அழற்சி என்ற பாலுறவு நோய் இல்லை என்று நிரூபிக்க, நாட்டுக்குள் வரும் பொலிகுதிரை சோதனைப் பெட்டைகளோடு இணைசேர்ந்து காட்ட வேண்டும். வார் எம்பிளம் மறுத்துவிட்டது. கடைசியில் விதை நீக்கித்தான் அனுமதித்தார்கள்.

போகும் நாட்டின் நோய்களைப் பார்க்காமல் விற்பது இன்னும் பெரிய ஆபத்து. உண்ணி பரப்பும் பைரோபிளாஸ்மோசிஸ் இந்தியா உள்ளிட்ட வெப்ப நாடுகளில் சாதாரணம். அங்கேயே பிறந்த குதிரைகள் சின்ன வயதில் லேசாக வந்து தாங்கிக்கொள்ளும். நோயைக் காணாத நாட்டிலிருந்து ஆறு வயதில் வந்து இறங்கும் குதிரைக்கு உயிர்க் கண்டம். பிழைத்தாலும் கிருமி இரத்தத்தில் நெடுங்காலம் தங்கிவிடலாம். அப்படியான குதிரையை அமெரிக்கா போன்ற நாடுகள் உள்ளே விடாது. ஒப்பந்தத்தில் திருப்பி வாங்கும் உரிமை இருந்தும் பயனில்லாமல் போகும். கொசு போன்ற சின்னப் பூச்சி பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் இதைவிடக் கொடியது. 2020ல் தாய்லாந்தில் முதல்முறையாகப் புகுந்தபோது 500க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்படும் குதிரைகள் பல ஆண்டுகளாக மொரீஷியஸில் காத்திருந்து வேறு நாடுகளுக்குப் போனதற்குக் காரணமும் இந்த நோய்தான்.

வெயிலும் ஒரு நோய்தான். பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளில் சில, சில மாதங்களில் வியர்ப்பதையே நிறுத்திவிட்டன. மூச்சு வாங்கும், உடல் கொதிக்கும், தோல் காய்ந்து கிடக்கும். உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் தேறும். விதையின் சூடு ஏறினால் விந்து கெடும் என்பதால் பொலிகுதிரைக்கு இது இரட்டை நஷ்டம்.

உறைவிந்து

அரபு, வார்ம்பிளட், குவாட்டர் போன்ற இனங்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. குதிரை வீட்டில் இருக்கும், மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் அதன் விந்து மட்டும் உலகம் சுற்றும். குதிரையின் உடலுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் எல்லாக் குதிரையின் விந்தும் உறைவைத் தாங்காது, அதை முன்பே சோதிக்க வேண்டும். பெட்டைகளுக்கும் ஆபத்து உண்டு. குதிரைத் தமனி அழற்சி வைரஸ் ஒரு பொலிகுதிரையில் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் விந்தில் இருக்கும், உறைவிலும் சாகாது. அதற்குத் தடுப்பூசி உண்டு. போடுவதற்கு முன் இரத்தம் எடுத்து, நோய் இல்லை என்று அரசு ஆய்வகச் சான்று வாங்கி வைக்காவிட்டால், தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையே நோய் என்று எடுத்துக்கொண்டு பின்னால் ஏற்றுமதியை மறுத்துவிடுவார்கள். ஒரு நாள் வேலை, மறந்தால் வாழ்நாள் தடை.

வீட்டில் வைத்துக் கெடுப்பது

சரி, அனுப்பவே இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தால் குதிரை பிழைத்ததா? எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம்தான். நம் மண்ணிலேயே இதற்கு 700 ஆண்டுப் பழைய சாட்சி உண்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலம் பணம் கொடுத்ததாம். வந்து சேர்ந்த குதிரைக்கு என்ன உணவு? வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், அதற்கு மேல் காய்ச்சிய பசும்பால். லாயத்திலேயே கட்டிப்போட்டு வைத்ததில் வலுவான குதிரைகள் கொஞ்ச நாளில் தளர்ந்து மந்தமாகிவிட்டன என்கிறார். மார்க்கோ போலோ சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்ததாகச் சொல்கிறார். ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சவில்லை என்பது அவர் கணக்கு. அவர் எண்களில் மிகை இருக்கலாம். உணவைப் பற்றி இரண்டு பேரும் சொல்வதை இன்றைய கால்நடை மருத்துவர் யாரும் மறுக்கமாட்டார். இது அலட்சியம் இல்லை. வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்ததைக் குதிரைக்குக் கொடுத்தார்கள், அது குதிரையின் உணவு இல்லை.

இன்றும் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்குப் பால், முட்டை, நெய், பாதாம் என்று கொடுத்து வளர்ப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வளர்ந்த குதிரையால் பாலின் சர்க்கரையை ஒழுங்காகச் செரிக்க முடியாது. குதிரைக்குப் பித்தப்பையும் கிடையாது. அதன் வயிறு 8 முதல் 15 லிட்டர்தான், 500 கிலோ உடலுக்கு மிகச் சின்னது. அந்த வயிற்றில் அமிலம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும் சுரக்கும். திறந்த வெளியில் குதிரை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் மேயும். லாயத்தில் இரண்டு வேளை ஓட்ஸும் கொள்ளும் வைத்துவிட்டுப் போனால் மீதி நேரம் அமிலம் வயிற்றுச் சுவரைத் தின்னும். வயிற்றுப்புண்ணோடு நிற்கும் குதிரைக்கு மேலும் சத்து வேண்டும் என்று இன்னும் தானியம் வைப்பார்கள்.

தானியமும் அசையாமையும் சேர்ந்தால் உடல் பருக்கும். கழுத்தின் மேல் கெட்டியான கொழுப்பு ஏறும், அதை ஆண்மையின் அழகு என்று பாராட்டுவார்கள். இன்சுலின் கட்டுப்பாடு கெடும், அப்புறம் குளம்பு. லேமினைடிஸ் என்ற குளம்பழற்சியில் குளம்பின் கெட்டியான வெளிச்சுவரை உள்ளே எலும்போடு பிணைக்கும் திசு அழற்சியால் கழன்றுபோகிறது. அந்த வலியில் நிற்கவே முடியாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை செக்ரெட்டேரியட்டை 1989ல் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது இந்த நோயால்தான். சண்டே சைலன்ஸும் 2002ல் ஒரு காலில் தொற்று வந்து, எடை முழுதும் மறுகாலுக்குப் போய், அந்தக் குளம்பில் அழற்சி வந்து, 16 வயதில் இறந்தது. எல்லா லேமினைடிஸும் தீனியால் வருவதில்லை. தீனியால் வருவதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

அதிகப் பராமரிப்பின் கெடுதலுக்கு இன்னும் இரண்டு சாட்சிகள். ஒன்று, சுத்தம். ஒவ்வொரு இணைசேர்க்கைக்கும் முன்னும் பின்னும் குறியைக் கிருமிநாசினி சோப்பால் தேய்த்துக் கழுவினால் அங்கே இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். காலியான இடத்தில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா என்ற நோய்க் கிருமிகள் குடியேறும், பெட்டைகளின் கருப்பைக்குப் போகும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். இன்னொன்று, சத்து ஊசி. 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் ஒரு போலோ அணியின் 21 குதிரைகள் அடுத்தடுத்துச் செத்துவிழுந்தன. களைப்புப் போக்க என்று கொடுத்த கலவையில் செலினியம் அளவு மீறியிருந்தது. பொலிகுதிரைக்குத் திரண்ட தசை தெரியவேண்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பவர்களும் உண்டு. அது விதையையே சுருக்கும்.

மனநிலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. குதிரை கூட்ட விலங்கு. வேறு குதிரையைத் தொட முடியாமல், சில சமயம் பார்க்கக்கூட முடியாமல் நிற்கும் பொலிகுதிரை மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும், இடவலமாக ஆடிக்கொண்டே நிற்கும், இன்னும் மோசமானால் தன் விலாவையே கடித்துப் புண்ணாக்கும். பல பொலிகுதிரைகளை ஒரே லாயத்தில் வரிசையாக வைத்தால் சிலவற்றின் டெஸ்டோஸ்டிரோனும் ஆசையும் இறங்குவதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. பெட்டைகளுக்குப் பக்கத்தில் மாற்றினால் அவை தேறின.

வெளியே விட்டால் ஆபத்து இல்லையா? இருக்கிறது. டேன்ஹில் இறந்தது விமானத்தில் இல்லை, 2003 மே மாதம் அயர்லாந்தில் தன் மேய்ச்சல் பட்டியில் இடுப்பு உடைந்து. துபாய் மில்லெனியம் என்ற பொலிகுதிரை 2001ல் ஒரே ஒரு பருவக் குட்டிகளை விட்டுவிட்டு, மேய்ச்சலோடு தொடர்புடைய புல் நோயில் போய்விட்டது. இப்படிப்பட்ட மரணங்கள் ஒவ்வொன்றும் பத்துப் பண்ணைகளில் லாயக் கதவைப் பூட்ட வைக்கின்றன. ஆனால் பூட்டிய லாயத்தில் வரும் வயிற்றுச் சூலை தலைப்புச் செய்தி ஆவதில்லை. சுவிட்சர்லாந்தின் அவான்ஷ் தேசியக் குதிரைப் பண்ணையில் பருவம் முடிந்த பொலிகுதிரைகளைப் பெட்டைகள் இல்லாத பெரிய மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். முதல் சில நாள் உரசல், அதுவும் பெரும்பாலும் மிரட்டலோடு நின்றது, பிறகு அடங்கிவிட்டன. முழுக் கூட்டமாக விடத் துணிவில்லாதவர்களுக்கு, கம்பி இடைவெளியில் பக்கத்துக் குதிரையை முகரவும் சீண்டவும் முடிகிற லாயத் தடுப்பையும் அதே நாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நான் எதைத் தேர்வேன்

இனம் அனுமதித்தால் உறைவிந்து, குதிரை வீட்டில். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தரோபிரெட் என்றால், உள்நாட்டில் போதுமான பெட்டைகள் கிடைக்கும் குதிரையை நான் எங்கும் அனுப்பமாட்டேன். கிடைக்காத குதிரைக்கு நிரந்தர விற்பனை, ஆண்டுக்கு இருமுறை பறப்பதைவிட நல்லது. அதுவும் பைரோபிளாஸ்மோசிஸ் இல்லாத, வெயில் தாங்கக்கூடிய நாட்டுக்கு மட்டும், திருப்பி வாங்கும் உரிமையோடு. இரு அரைக்கோளப் பயணம்தான் ஒரே வழி என்றால் இரண்டு அல்லது மூன்று பருவத்துக்கு மேல் வேண்டாம், இடையில் ஓர் ஆண்டு முழு ஓய்வு வேண்டும். பயணத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தலையைத் தாழ்த்த இடம் கொடுக்க வேண்டும், தண்ணீரும் நனைத்த வைக்கோலும் முன்னால் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு இரண்டு வாரம் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அடுத்த இரண்டு மாதத்துக்குப் பெட்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிப் பண்ணையோடு முன்பே பேசியிருக்க வேண்டும்.

விற்றாலும் வைத்திருந்தாலும் ஒப்பந்தத்திலும் பராமரிப்பவருக்கு எழுதிக் கொடுக்கும் தாளிலும் நான் சேர்க்கும் வரிகள் இவை: நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வெளியே, உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை காய்ந்த புல் அல்லது வைக்கோல், தானியம் அதற்குப் பிறகு, வேறு குதிரையைப் பார்க்கவும் முகரவும் வழி, மருத்துவர் எழுதாத ஊசி எதுவும் கூடாது. ஆறு மணி நேரம் வெளியே விட முடியாது, குதிரை அவ்வளவு விலை உயர்ந்தது என்று வாங்குபவர் சொன்னால், அந்த விற்பனையில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.